களை என்று சொன்னவர் யார்?

தமிழ் கற்பிப்போருக்குச் சொற்களின்மேல் ஓர் ஐயம் எப்போதும் உண்டு. சொல் ஒரு பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் அப்பொருளின்மேல் தீர்ப்பையும் எழுதிவிடுகின்றது. 'களை' என்பது அத்தகைய சொல். தாவரவியல் நூலைப் புரட்டிப் பார்த்தால் புற்குடும்பம் உண்டு; கோரைக் குடும்பம் உண்டு; அவரைக் குடும்பம் உண்டு. களைக்குடும்பம் என்று ஒன்று அங்கே இல்லை. நிலத்துக்கு உரியவன் தனக்கு வேண்டாத செடிக்கு இட்ட பெயர் அது. கொடியவரை அரசன் தண்டிப்பதைக் களை பிடுங்கும் செயலுக்கு வள்ளுவர் உவமித்த நாள்முதலாக, குற்றவாளி என்ற நிழலும் அச்சொல்லின்மேல் படிந்துவிட்டது. குற்றவாளி என்று தீர்ப்பான பின்னர், கொலைக்கு நியாயம் கேட்பவர் யார்?

இக்கேள்வியை இலக்கிய மன்றமொன்றில் நின்று நாம் எழுப்பவில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் வயல் வரம்பிலே நின்று எழுப்புகின்றோம்.

நமது வகுப்பிலே படிக்கும் மாணவி ஒருத்தி, காலபோக மாதங்களில் முதற் பாடத்துக்கு அடிக்கடி பிந்தி வருவாள். காரணம் கேட்டோம். வீட்டிலே இரண்டு பசுக்கள். சொந்த வயல் இல்லை. விடியுமுன் தாயும் மகளும் புல் அறுக்கப் போகவேண்டும். முன்னெல்லாம் வீட்டுக்கு எதிரேயுள்ள வாய்க்கால் வரம்பிலேயே ஒரு கட்டு அறுத்துவிடலாம். இப்போது வரம்பெல்லாம் மருந்து. ஆகவே குளக்கட்டுக்கு அப்பால் நடக்கின்றார்கள். சில மாதங்கள் கழித்து வரம்பு மீண்டும் பச்சை பிடித்தபோது, இனி நேரத்துக்கு வரலாமே என்றோம். அவள் சொன்ன மறுமொழி இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. "கட்டு அதே கட்டுத்தான் சேர், பால்தான் குறைஞ்சு போச்சு."

கட்டு அதே கட்டு, பால் குறைந்தது. கமநல சேவை நிலையத்துப் பதிவேடுகளில் இடம்பெறாத ஒரு நட்டத்தை அச்சிறுமி ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டாள். புல்லின் அளவு குறையவில்லை, தரம் குறைந்திருக்கின்றது. அந்தத் தரம் எங்கே போயிற்று?

மாட்டின் உணவை எடையால் மட்டும் அளக்க முடியாது. உலர்ந்த நிறையில் வைக்கோலிலுள்ள புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு. முற்றிய புல் அதைவிடச் சற்றே மேல். தீவனத்தின் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால், மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளுக்கு நைதரசன் போதாது. நாரைச் செரிக்கச் செய்பவை அந்த நுண்ணங்கிகளே. அவை பெருகாவிடின் நார் வயிற்றிலேயே தங்கும்; மாடு தின்பதையும் குறைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்க உடல் மெலியும். முதலில் வற்றுவது மடி.

இந்த எல்லைக்கோட்டுக்கு மேலே தீவனத்தைத் தூக்கி நிறுத்துபவை அவரைக் குடும்பத்துச் செடிகள். வரம்பிலே படரும் சிறுபுள்ளடியும் நரிப்பயறும், வேலியிலே நிற்கும் கிளிசரிடியாவும் அகத்தியும் இப்பிலிப்பிலும், அறுவடைக்குப் பின் எஞ்சும் உழுந்துக்கொடியும் கௌபீக்கொடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் பசிய இலைகளில் புரதம் பொதுவாக நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை இருக்கும். கல்சியமும் புல்லைவிட அதிகம். கணக்கு எளியது. புரதம் 6 பங்குள்ள புல்லோடு, 20 பங்குள்ள அவரையினத் தழை கால்வாசி கலந்தால், அந்தக் கட்டின் புரதம் ஒன்பதரைப் பங்காகும். அக்கால்வாசியை அகற்றிவிட்டுப் புல்லாலேயே நிரப்பினால், கட்டின் பருமன் மாறாது. தலையில் சுமப்பவளின் கழுத்து வலியும் மாறாது. புரதம் மட்டும் 7 என்ற கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். சிறுமி சொன்னதும் இதுவே.

அந்தக் கால்வாசியை அகற்றியது எது?

நெல் ஒரு புல். நெல்வயலில் தெளிக்கும் நஞ்சு நெல்லைக் கொல்லலாகாது. ஆகவே புல்லை விட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் இரசாயனங்கள் கமக்காரனுக்கு உவப்பாயின. 1940களில் மேல்நாட்டு ஆய்வுகூடங்களில் பிறந்த 2,4-டி, எம்.சி.பி.ஏ. என்பன இவ்வகையின் மூத்த பிள்ளைகள். செடியின் வளர்ச்சிச் சுரப்பைப் போல நடித்து உட்புகுந்து, அதன் வளர்ச்சியைத் தாறுமாறாக்கிச் சாகடிப்பவை இவை. அவரையினமும் அகன்ற இலையினமே. வயலுக்குள் தெளித்தது காற்றோடு வரம்புக்கும் போகின்றது. போதாதென்று வரம்பின்மேலும் நேராகவே தெளிக்கப்படுகின்றது. சில போகங்கள் இவ்வாறு கழிந்தால் வரம்பு பாலைவனமாகிவிடாது, பச்சையாகவே நிற்கும். ஆனால் புல்லும் கோரையும் மட்டுமே நிற்கும். அந்தப் பச்சை நம் கண்ணை ஏமாற்றுகின்றது. பசுவின் இரைப்பையை ஏமாற்ற முடியவில்லை.

கிளைபோசேற் என்பது வேறு வகை. 1974இல் சந்தைக்கு வந்த இந்நஞ்சு புல்லென்றும் அவரையென்றும் பாராது பட்டதை எல்லாம் கொல்லும். பட்டுப்போன வரம்பில் முதலில் தலைதூக்குவது, மண்ணுள்ளே கிழங்கு வைத்திருக்கும் கோரை. பூத்துக் காய்த்து விதை உதிர்த்தாலன்றித் தன் இனத்தைப் பெருக்கவியலாத சிறுகொடிகள் பின்தங்கிவிடுகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. மூன்று அமினோவமிலங்களைச் செடி ஆக்கும் பாதையை மறிப்பதன் மூலமே கிளைபோசேற் அதனைக் கொல்கின்றது. அதே பாதை அவரையின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாவுக்கும் உண்டு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குப் புரதமாக்க உதவுபவை அப்பற்றீரியாக்கள். சோயா அவரையில் நடந்த ஆய்வுகளில், சில பற்றீரியா வகைகள் இந்நஞ்சினால் நலிந்ததும், அதனால் கணுக்களும் நைதரசனும் குறைந்ததும் காணப்பட்டன. பற்றீரியாவின் வகை, நஞ்சின் அளவு, மண்ணின் ஈரம் என்பவற்றைப் பொறுத்து இவ்விளைவு கூடும், குறையும். சாகாமல் தப்பிய செடியும் பழைய செடியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

மருந்து பட்டு வாடும் செடியிலும் ஆபத்து உண்டு. 2,4-டி பட்ட சில செடிகளில் நைத்திரேற்றுச் சேர்வதும், மாடு வழக்கமாக ஒதுக்கும் நச்சுச்செடி வாடும்போது அதற்குச் சுவையாகிவிடுவதும் அறியப்பட்ட செய்திகள். மருந்தடித்த நிலத்தில் இத்தனை நாளைக்குக் கால்நடையை மேயவிடலாகாது என்ற எச்சரிக்கை பல நாடுகளில் போத்தலின் ஒட்டுச்சீட்டிலேயே அச்சாகின்றது. ஆனால் நம் வரம்பில் புல் அறுப்பவள் அந்தப் போத்தலை வாங்கியவள் அல்லள். ஒட்டுச்சீட்டு அவளுடைய கைக்கு வருவதேயில்லை. நேற்று அடித்தார்களா, போன கிழமை அடித்தார்களா என்பதைப் புல்லின் நிறத்தைப் பார்த்தே அவள் ஊகிக்க வேண்டியிருக்கின்றது.

இவ்விடத்திலே இங்கிலாந்தின் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். எம்.சி.பி.ஏ. அங்கே பரவியபோது மேய்ச்சல் தரைகளிலிருந்த குளோவர் என்னும் அவரையினச் செடியும் சேர்ந்து மடிந்தது. குளோவர் போனால் பால் போகும் என்பது அந்நாட்டுப் பண்ணையாளருக்குத் தெரியும். அவர்களிடம் நிலமும் இருந்தது, குரலும் இருந்தது. 1950களில் வை கல்லூரியைச் சேர்ந்த வெயின் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், குளோவரை விட்டுவிட்டு ஏனைய களைகளைக் கொல்லும் எம்.சி.பி.பி., 2,4-டிபி என்ற இரசாயனங்களுக்கு வழி கண்டனர். களைச்செடி அவ்விரசாயனத்தைத் தன் உடலுக்குள்ளேயே நஞ்சாக மாற்றிக்கொண்டு மடியும், குளோவர் பெரும்பாலும் அவ்வாறு மாற்றுவதில்லை, ஆகவே பிழைக்கும். நுட்பமான விஞ்ஞானம்; பாராட்டுகின்றோம். ஆனால் பாடத்தைக் கவனியுங்கள். பண்ணையாளனின் குளோவர் மடிந்தபோது ஆய்வுகூடம் விழித்துக்கொண்டது. நிலமற்றவளின் சிறுபுள்ளடி மடியும்போது யாருடைய ஆய்வுகூடம் விழிக்கும்? விஞ்ஞானத்துக்கு வர்க்கம் இல்லை என்பர். விடை இருக்கலாம், வர்க்கமின்றி. கேள்வியை யார் கேட்பது என்பதில் வர்க்கம் உண்டு.

எதிர்த்தரப்பாரின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி பெற நாம் விரும்பவில்லை. களைநாசினி தீவனத்தின் தரத்தை உயர்த்தும் என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன என்பர். உண்மை. குதிரைமசால் என்னும் அவரையினத் தீவனத்தைத் தனிப் பயிராக விதைக்கும் நாடுகளில், ஏற்ற களைநாசினியால் அதன் நடுவேயுள்ள புல்லையும் பூண்டையும் அகற்றினால் முதல் வெட்டின் புரதம் கூடுகின்றது. ஏன் கூடுகின்றது? அங்கே அவரையினம் பயிர், புல் களை. வன்னி வயலிலே புல்லாகிய நெல் பயிர், அவரையினம் களை. அங்கே புரதத்தைக் காத்த அதே தொழில்நுட்பம் இங்கே புரதத்தை அழிக்கின்றது. பெயர் சூட்டும் உரிமை கைமாறினால் போத்தலின் பயனும் தலைகீழாகின்றது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி வெறும் சொல் விளையாட்டு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னும் ஒரு வாதம் உண்டு; அது மேலும் கனமானது. கூலிக்கு ஆள் இல்லை. நெற்சப்பியும் பன்றிநெல்லும் மூடினால் விளைச்சல் போய்விடும். மருந்தடிக்காமல் கமக்காரன் என்ன செய்வான் என்று கேட்கின்றனர். கடனில் விதைத்துக் கடனில் உரமிடும் சிறு கமக்காரனை நாம் எதிரியாகக் கொள்ளவில்லை. வயலுக்குள் நெல்லோடு போட்டியிடும் செடியைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. வரம்பிலே நிற்கும் சிறுபுள்ளடி எந்த நெல்லின் உணவைப் பறித்தது? வாய்க்காற் கரையிலும் தெருவோரத்திலும் குளக்கட்டின் அடியிலும் எந்தப் பயிரைக் காக்க மருந்தடிக்கின்றார்கள்? வரம்பு செதுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கவும், வயல் 'துப்புரவாக'த் தோன்றவுமே இது நடக்கின்றது. மிச்சம் பிடித்த கூலி யாருடையது என்பதையும் பார்ப்போம்.

களை பிடுங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு அந்நாட்களில் இரண்டு ஊதியம். ஒன்று கையிலே காசு. மற்றொன்று மாலையில் வீட்டுக்குத் தலைச்சுமையாகப் போன பச்சைத் தீவனம். தூவி விதைக்கும் முறையும் களைநாசினியும் கைகோத்து வந்தபோது, காசுக்கூலி முதலில் போயிற்று. வரம்பிலும் அதனை அடித்தபோது தீவனமும் போயிற்று. ஒரே போத்தல் ஒரே பெண்ணின் இரு கைகளிலிருந்தும் பறித்துக்கொண்டது. போத்தலின் விலையைக் கமக்காரன் கொடுத்தான் என்று கணக்கு எழுதுகின்றோம். அதன் மறுபாதியைக் கொடுத்தவள் கணக்கிலேயே இல்லை.

அவள் யார்? வன்னியின் வரலாறு தெரிந்தோருக்கு இது புதிதன்று. 1958இலும் 1977இலும் இனவன்முறைக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியோரின் வழித்தோன்றல்களிலே, குளத்தின்கீழ் வயல் கிடைக்காமல் பிறர் வயலில் கூலியாய் உழைத்தோர் பலர். போர் 2009இல் முடிந்தபின், துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர். வாழ்வாதார உதவி என்று இத்தகையோருக்குப் பசு கொடுத்தார்கள், நிழற்படமும் எடுத்தார்கள். பசுவுக்கு வாய் உண்டு என்பதை நினைத்தவர்கள் குறைவு. மேய்ச்சல் தரை வேண்டும் என்ற கோரிக்கை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆண்டுதோறும் எழுகின்றது. காலபோகத்திலே வயலெல்லாம் பயிர். காட்டுக்குள் விட்டால் வழக்கு. எஞ்சியிருந்தது வரம்பும் வாய்க்காற் கரையும் தெருவோரமுமே. நிலமற்றவனின் மேய்ச்சல் தரை அதுதான். அதன்மேல்தான் மருந்து விழுகின்றது.

அரசாங்கம் என்ன செய்தது? 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் கதவைத் திறந்தது. 2022இல் தடையையே நீக்கியது. நடுவிலே, 2021 மே மாதத்தில், இரசாயன உரத்தினதும் மருந்தினதும் இறக்குமதி அனைத்தையும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, கமக்காரனை நடுவயலில் கைவிட்டுவிட்டு, நவம்பரில் பின்வாங்கியது. தடை வந்தபோதும் கமக்காரனைக் கேட்கவில்லை. தடை போனபோதும் மாடு வளர்ப்பவளைக் கேட்கவில்லை. தேயிலை ஏற்றுமதிக்குக் குரல் இருந்தது. ஆகவே கதவு முதலில் அதற்கே திறந்தது. நஞ்சை ஒழிப்போம் என்ற நல்ல முழக்கத்தை, மாற்று வழியோ ஆயத்தமோ இன்றி ஏவி, அம்முழக்கத்தையே மக்கள் வெறுக்கும்படி செய்ததுதான் 2021 தந்த தீங்குகளில் பெரியது. இன்று களைநாசினியைப் பற்றி வாய் திறந்தால், 'மறுபடியும் பட்டினி போடவா?' என்கின்றார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அக்கோபத்தின் மறைவிலே வரம்பு எரிகின்றது.

அந்த ஆண்டுகள் வேறொரு பாடத்தையும் தந்தன. யூரியா கிடைக்கவில்லை, பால்மாவுக்கு வரிசை நின்றது. காற்றிலிருந்து நைதரசனைக் காசின்றி இறக்கித் தரும் செடியை மருந்தடித்துக் கொல்கின்றோம். பின்னர் அதே நைதரசனைக் கப்பலில் வரும் யூரியாவாக வாங்கி வயலுக்கு இடுகின்றோம். சத்தற்ற வைக்கோலை ஊட்டமாக்க அதே யூரியாவைக் கரைத்துத் தெளிக்கவும் கற்பிக்கின்றோம். மடி வற்றியதும் பால்மாவையும் கப்பலிலேயே எதிர்பார்க்கின்றோம். காலடியிலே கிடந்ததைக் கொன்றுவிட்டு அதையே மூன்று முறை விலைக்கு வாங்கும் இச்செய்கைக்கு நவீன விவசாயம் என்று பெயர். இதிலே நவீனம் இருக்கலாம், விவசாயம் எங்கே?

ஆகவே நாம் கேட்பது இன்னொரு நள்ளிரவுத் தடையை அன்று. வரம்பையும் வாய்க்காற் கரையையும் குளக்கட்டையும் தெருவோரத்தையும் மருந்திலிருந்து விலக்கிவைக்கும் தீர்மானத்தைக் கமக்காரர் அமைப்புகளின் போகக் கூட்டங்களிலேயே நிறைவேற்ற வேண்டும். நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு இது பெரிய சுமையன்று. அக்கூட்டத்தில் வயலற்ற மாடு வளர்ப்போருக்கும் இடம் வேண்டும். வரம்பைச் செதுக்க வேண்டுமாயின் அறுப்பவருக்கு உரிமை கொடுங்கள். அவர்கள் கூலியின்றியே செதுக்குவர். வரிசையாக நாட்டவும், உருட்டுங் கருவியால் களை அகற்றவும் அரசு உதவவேண்டும். வேலிகளில் கிளிசரிடியாவும் அகத்தியும் மீண்டும் நிற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை குறித்த மேய்ச்சல் தரை வேண்டும்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கின்றது. மருந்தடித்த வரம்பின் கட்டையும் அடியாத வரம்பின் கட்டையும் அங்கே கொண்டுசென்று இரண்டிலும் எவ்வளவு புரதம் என்று அளந்து தரும்படி கேட்போம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமாகக் கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, இரு வரம்புகளிலும் அவரையினச் செடிகளை மாணவர் எண்ணலாம். வேரோடு தோண்டிக் கழுவிப் பார்க்கலாம். கணுவை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிகின்றதா என்று நோக்கலாம். தெரிந்தால் அது உயிரோடு தொழில் செய்கின்றது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டியும் ஒரு குறிப்பேடும் போதும்.

பள்ளு பாடிய புலவர்கள் நெல்லின் வகைகளை அடுக்கியதோடு நில்லாமல் மாட்டின் வகைகளையும் அடுக்கிச் சொன்னார்கள். வயலென்றால் இரண்டும் சேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்துப் புள்ளிவிபரம் நெல்லை மூடையாக எண்ணுகின்றது. வரம்பில் போன புரதத்தை எண்ண அதனிடம் நிரல் இல்லை. அந்த நிரலை நம் மாணவரின் குறிப்பேட்டிலே தொடங்குவோம். அடுத்த காலபோகத்தில் முதல் சதுரத்தை, வகுப்புக்குப் பிந்தி வரும் அந்தச் சிறுமி புல் அறுக்கும் வரம்பிலேயே கட்டுவோம். எது களை, எது தீவனம் என்பதை அவளே நமக்குச் சொல்லட்டும்.